முன்னேற்றம் என்ற தலைப்பின் கீழ்

செப்டம்பர் 26, வெள்ளி

இல்லை, பயம் என்று அதைச் சொல்லமாட்டேன். பயத்துக்கு ஒரு முகமாவது வேண்டும். இது வெறும் எண்ணிக்கை. ஐந்து ரெக்கார்டு. ஏழு நாள்.

மதியத்தோடு கல்லூரி மூடியாயிற்று. பூசை விடுமுறை. மூடுவதற்கு முன் உளவியல் எடுக்கும் எஸ்தர் மேடம் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். 'விடுமுறைக் காலத்தில் மன அழுத்தத்தைக் கையாளப் பத்து வழிகள்.' முதல் வழி, தினமும் நாட்குறிப்பு எழுதுங்கள். எழுதுகிறேன்.

தாளைத் திருப்பினால் பின்பக்கம்: 'அக்டோபர் 3, காலை 10 மணி. ஐந்து ரெக்கார்டுகளும் ஒப்படைக்க வேண்டும். தவறுபவர்களுக்கு ஹால் டிக்கெட் வழங்கப்படமாட்டாது.' தாள் மிச்சம் பிடிக்க இரண்டையும் ஒரே தாளில் அடித்திருக்கிறார்கள்.

பி.எட். வகுப்பில் நாற்பத்தெட்டு பேர். முப்பத்து நான்கு வயது எனக்கு மட்டும். எல்லாரும் அக்கா என்கிறார்கள். பெனிட்டா சில நேரம் மறந்துபோய் மேடம் என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள்.

எம்.ஏ. முடித்துப் பன்னிரண்டு வருடம் கழித்து மறுபடி படிக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் இரண்டு வருடம் என்று பேச்சு. ஹால் டிக்கெட் இல்லையென்றால் அது மூன்று வருடம். மூன்றாவது வருடத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நானும் கேட்டுவைக்கவில்லை.

நான்கு ரெக்கார்டுகள் பரவாயில்லை. படம் ஒட்ட வேண்டும், தலைப்புகளுக்குக் கறுப்பு மையில் கோடு போட வேண்டும். கை வேலை. ஐந்தாவதுதான். தனியாள் ஆய்வு. பயிற்சிக்குப் போன பள்ளியில் ஒரு மாணவியைத் தேர்ந்தெடுத்து, அவளுக்கு என்ன பிரச்சினை என்று கண்டுபிடித்து, காரணம் சொல்லி, தீர்த்துவைத்து, எழுதிக் கொடுக்க வேண்டும். தீராத பிரச்சினைக்கு ரெக்கார்டில் இடம் கிடையாது. கடைசித் தலைப்பு 'முன்னேற்றம்'.

என் மாணவி பவித்ரா. ஏழாம் வகுப்பு. பெயரை மாற்றியிருக்கிறேன். மாற்ற வேண்டும் என்பது விதி.


செப்டம்பர் 27, சனி

மோர்க்குழம்பு திரிந்துவிட்டது.

அடுப்பில் வைத்துவிட்டு ஒரு பத்தி எழுதலாம் என்று மேசைக்கு வந்தேன். ஒரே ஒரு பத்தி. மாமா முன்னறையில் இருந்து, "மக்ளே, என்னமோ மணம் வருது" என்றார். என் கணவரின் அப்பா. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. இன்னும் வயர் கருகும் மணமோ என்றுதான் முதலில் எழுந்து பார்ப்பார்.

கொதிக்கவிட்டிருக்கக் கூடாது. நுரை கூடும்போது இறக்க வேண்டும். இது எனக்குப் பதினெட்டு வயதில் இருந்து தெரியும்.

அப்படியே பரிமாறினேன். கணவர் ரதீஷுக்கு இடது கையில் கைபேசி, வலது கையில் சோறு. மாமா, "பரவால்ல, வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணாக்கும்" என்றார். மகள் ஆதிரா வெறும் சோற்றில் உப்புப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டாள். பன்னிரண்டு வயதில் அப்படித்தான். அந்த வயதில் எனக்கும் ஒரு வருடம் பூசணிக்காய் பிடிக்காமல் இருந்தது.

மதியத்துக்கு மேல் பூசைக்காக வீடு ஒதுக்கல். பாத்திர அலமாரியைத் துடைத்தேன். புளி வைத்திருக்கும் எவர்சில்வர் கிண்ணத்தைக் கழுவி வேறு தட்டில் வைத்தேன். அடியில் பள்ளிக்கூடத்தின் பெயர் பொறித்திருக்கிறது. எப்படித் தேய்த்தாலும் அது போகாது. போக வேண்டும் என்றும் இல்லை.

ஆதிராவின் சீருடைச் சட்டைகளைத் துவைத்துப் போட்டேன். மூன்று சட்டையிலும் காலர் நுனி பிய்ந்திருக்கிறது. தைக்க வேண்டும். மூன்றாம் தேதிக்குப் பிறகு.

இரண்டாவது வழி, ஆழமாக மூச்சு இழுத்து விடுங்கள். இழுத்தேன். திரிந்த மோரின் மணம்.


செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று எழுத்து வந்தது. காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தேன், எட்டரைக்கு ஆறு பக்கம். நிறுத்தி யோசிக்கவேண்டியிருக்கவில்லை. நேற்றுவரை ஒரு வரி வராத ரெக்கார்டு.

சரிபார்ப்பதற்காகச் சில வரிகளை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

'மாணவி பவித்ரா கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் சொல்லமாட்டார். சட்டைக் காலரின் நுனியைக் கடிக்கும் பழக்கம் உண்டு. முன்பு நன்றாகப் பேசக்கூடியவர் என்று வகுப்பாசிரியர் கூறுகிறார்.'

'தந்தை அன்பானவர். வீட்டில் இருக்கும் நேரத்தில் கைபேசியில் இருப்பார். தாத்தா கண்டிப்பானவர். தாயார் படித்தவர்.'

'வெறும் சோற்றை உண்கிறார். மோர்க்குழம்பைத் தொடுவதில்லை.'

நன்றாக இருக்கிறது. உற்றுநோக்கல் முறை என்று பாடத்தில் இருப்பது இதுதான்.

பத்து மணிக்குப் பெனிட்டா கூப்பிட்டாள்.

"அக்கா, கேஸ் முடிச்சாச்சா?"

"ஆறு பக்கம்."

"ஆறா! எனக்குப் பத்து பக்கம், ஒரே மணி நேரம். கூச்ச சுபாவம் போட்டேன். எஸ்தர் மேடத்துக்குக் கூச்ச சுபாவம்னா ரொம்பப் புடிக்கும். போன வருஷம் முப்பது கேசு கூச்ச சுபாவமாம். முப்பதும் குணமாயிட்டு."

"நீ அந்தப் பிள்ளைட்ட பேசினியா?"

"எந்தப் பிள்ளை?" என்றாள். பிறகு சிரித்தாள். "அக்கா, நீங்க நெசமாவே ஒரு பிள்ளையப் பாத்தா எழுதுகிய?"

நான் பள்ளியில் பார்த்த பெண் என்றேன்.

"அதான் உங்களுக்கு டென்சன். பாக்காம எழுதணும்க்கா. பாத்தா முடிக்க முடியாது."

மதியம் ஆதிரா பழுப்புக் காகிதக் கட்டும் கத்தரிக்கோலும் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்தாள். நான் சொல்லவில்லை. ஐந்து ரெக்கார்டுக்கும் அட்டை போட்டாள். மடிப்பை நகத்தால் அழுத்தி அழுத்தி. என்னைவிடச் சுத்தமாகப் போடுகிறாள். எனக்கு அந்த நேரத்தில் படம் வெட்டும் வேலை.

"அம்மா, இதுக்கு லேபிள்ல என்ன எழுத?"

"ம்."

"அம்மா. இதுக்கு."

"தனியாள் ஆய்வு."

"தனியாள்னா?"

"ஒரே ஒரு ஆளு."

அட்டையைப் போட்டுவிட்டு அந்த ரெக்கார்டைச் சிறிது நேரம் மடியில் வைத்திருந்தாள். பசை காய்வதற்காக இருக்கும்.


செப்டம்பர் 29, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். விடுமுறைதான், ஆனால் தலைமையாசிரியை வந்து கையெழுத்துப் போட்டுத்தருவதாகச் சொல்லியிருந்தார். வருகைப் பதிவுத் தாளை மட்டும் கொண்டுபோனேன். பத்துக்கு வர வேண்டியவர் மூன்றரைக்கு வந்தார். வடசேரியில் பஸ் இல்லை. வீடு சேரும்போது விளக்கு வைத்தாயிற்று.

ஐந்து ரெக்கார்டுகளும் பூசையில் இருந்தன.

எனக்குத் தெரியாதது இல்லை. நாஞ்சில் நாட்டுக்காரி. அட்டமி அந்தியில் புத்தகம், பேனா, தொழிலுக்கான சாமான் எல்லாம் பூசையில் வைத்து, தசமி காலையில்தான் எடுக்க வேண்டும். அதுவரை வாசிக்கக் கூடாது. எழுதக் கூடாது. சின்ன வயதில் எனக்குப் பிடித்த மூன்று நாட்கள் அவை. இன்று திங்கள். தசமி வியாழன். ஒப்படைப்பது வெள்ளி காலை. நான் செய்யவேண்டியிருந்தது ஒன்றுதான். போகும்போது ஒரு வார்த்தை, அந்த ஒரு ரெக்கார்டை மட்டும் விட்டுவிடுங்கள் என்று. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"மாமா, அதுல ஒண்ணு இன்னும் முடியல. அதை மட்டும் எடுத்துக்கிடட்டா?"

மாமா துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். நெற்றியில் சந்தனம் ஈரமாக இருந்தது.

"வச்சாச்சு மக்ளே."

"இன்னும் பூசை முடியலல்லா மாமா."

"வச்சா வச்சதாக்கும். பாதி வச்சிட்டுப் பாதிய உருவினா அவ கோவிச்சுக்கிடுவா."

"யாரு?"

"சரஸ்வதி. வேற யாரு? படிக்கப் போறவ நீ. உனக்குத்தான் முக்கியம். நான் கரண்டு ஆபீசுக்காரன், எனக்கு அவ கோவிச்சா என்ன."

ரதீஷ் பஸ் டிப்போவில் இருந்து வந்தார். அங்கே மெக்கானிக். நாளை மறுநாள் அங்கும் ஆயுத பூசை. ஸ்பேனர்களைத் துடைத்து மாமாவிடம் நீட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மூணு நாளு ரெஸ்ட்டுன்னு நெனச்சுக்கோ ஷைலா. உங்க மேடம் குடுத்த தாளுலயே ரெஸ்ட்டு எடுக்கணும்னு போட்டிருக்குல்லா."

ஐந்தாவது வழி. படித்திருக்கிறார்.

"யாரு கொண்டுவந்து வச்சா?" என்று கேட்டேன்.

"நான்" என்றாள் ஆதிரா. கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். காலர் வாயில் இருந்தது. "தாத்தா எழுத்துன்னு உள்ளது எல்லாம் வைக்கணும்னு சொன்னாரு. உனக்கு நல்ல மார்க்கு வரட்டும்னு வச்சேன்."

கீழே மாமாவின் பஞ்சாங்கம். அதன்மேல் ஆதிராவின் பள்ளிப் புத்தகங்கள். அதன்மேல் என் நான்கு. எல்லாவற்றுக்கும் மேலே தனியாள் ஆய்வு. சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். சிவப்புப் பட்டு பாதி மூடி, பாதி மூடாமல்.

இந்த நாட்குறிப்பும் எழுத்துதான். இதை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்ததால் தப்பியது.

எழுத முடியாதது பற்றிய கவலை மட்டும் என்றால் அதை இப்படி எழுதியிருப்பேனா? சரி. எழுதிவிடுகிறேன். இங்கே எழுதாவிட்டால் வேறு எங்கே.

பயிற்சிப் பள்ளியில் பவித்ரா என்று யாரும் இல்லை. முதலில் ஒரு பெண்ணைத் தந்தார்கள். இரண்டாவது வாரத்தில் அவள் அப்பாவுக்கு மாற்றல் வந்து குடும்பத்தோடு போய்விட்டாள். வேறு ஒருத்தியைத் தேடி உற்றுநோக்க நேரம் இல்லை. வீட்டில் ஒருத்தி இருந்தாள்.

ஞாயிறு இரவு எல்லாரும் தூங்கியபின் எழுதிய ஏழாவது பக்கம் யாரும் வாசிப்பதற்கு இல்லை. எஸ்தர் மேடமும் ஏழாவது பக்கம் வரை வாசிக்கமாட்டார். அந்த நம்பிக்கையில் எழுதினேன்.


செப்டம்பர் 30, செவ்வாய்

எழுதக் கூடாது.


அக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூசை. சுண்டல், பாயசம், வடை. ஒன்பது மணிக்கு மாமா மணி அடித்தார். எல்லாரும் கும்பிட்டோம். நான் ஏழாவது பக்கத்தைக் கும்பிட்டேன்.

பெனிட்டா குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "அக்கா, எங்க வீட்டுல பூசை எல்லாம் கிடையாதுல்லா. கொண்டுவந்து வச்சு எழுதுங்க. அம்மா புளிச்சாறு வச்சிருக்கா." கொண்டுபோக முடிந்தால்தானே.

மதியம் மாமா படுத்துவிட்டார். ரதீஷ் டிப்போவில். பூசை அறையில் யாரும் இல்லை என்று நினைத்துப் போனேன். முழுவதும் எடுக்கவேண்டாம். ஒரு தாளை மட்டும். உருவினால் தெரியாது. பட்டைத் தூக்கினேன்.

"தொடக் கூடாதும்மா."

கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு.

"தூசி தட்டினேன்" என்றேன்.

"ம்" என்றாள்.

அந்த 'ம்' யாருடையது என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது வழி, சிறிது தூரம் நடந்துவிட்டு வாருங்கள். பார்வதிபுரம் வரை நடந்துவிட்டு வந்தேன். எல்லா ஆட்டோவுக்கும் சந்தனம். எல்லாம் ஓடாமல் நின்றன.


அக்டோபர் 2, வியாழன்

காலை ஆறரைக்குப் பூசை எடுத்தோம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். தட்டில் அரிசி பரப்பி ஆளுக்கு ஒரு எழுத்து எழுதிவிட்டு, ஒவ்வொருவரும் ஒரு புத்தகம் எடுத்து ஒரு பக்கம் உரக்க வாசிக்க வேண்டும். எந்தப் புத்தகமும் எடுக்கலாம். மனதுக்குள் வாசித்தால் செல்லாது. மாமா கேட்க வேண்டும்.

மாமா பஞ்சாங்கத்தில் இன்றைய நாளை வாசித்தார். ரதீஷ் டிப்போவில் கொடுத்த கையேட்டை எடுத்து, "பிரேக் ஆயில் மாற்றும் முறை. முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தவும்" என்று பாட்டுப்போல வாசித்தார். மாமா, "எலே, ஒழுங்கா வாசி, அது உனக்கு சோறு போடுக புத்தகமாக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தோம். நான் கையை நீட்டினேன். மேலே இருந்ததை எடுத்துவிட்டால் போதும்.

"நான் வாசிச்சுக்கிடட்டும்மா?" என்று கேட்டுக்கொண்டே ஆதிரா அதை எடுத்தாள்.

"அது உன் புத்தகம் இல்ல" என்றேன்.

"எதையும் எடுக்கலாம்லா, தாத்தா?"

"எடு மக்ளே, எடு. அம்மைக்க எழுத்துல்லா. நல்லதாக்கும்."

ஆதிரா பக்கம் தேடவில்லை. திறந்த இடத்தில் திறந்தது. ஏழாம் பக்கம்.

முதல் வரியில் குரல் உடைந்தது. இரண்டாவது வரியில் நிமிர்ந்து நின்றுகொண்டாள். பிறகு வாசித்தாள். ஒவ்வொரு சொல்லும் தனியாகக் கேட்டது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, முன்னறை வரைக்கும் கேட்கும்படி.

'பிரச்சினைக்கான காரணங்கள். கடந்த ஜூலை மாதம் பள்ளியில் நடந்த பேச்சுப் போட்டிக்கு மாணவி இரண்டு வாரம் பயிற்சி செய்தார். தாயார் வருவதாகச் சொல்லியிருந்தார். தாயாருக்கு அன்று கல்லூரியில் மாதிரி வகுப்பு இருந்தது. வரவில்லை. வர முடியாது என்று சொல்லவும் இல்லை. மறந்துவிட்டார்.

'மாணவி முதல் பரிசு பெற்றார். வீட்டில் அதைக் கூறவில்லை. பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் கிண்ணத்தை அடுக்களையில் மற்றப் பாத்திரங்களோடு கவிழ்த்து வைத்தார். தாயார் அதில் புளி போட்டு வைத்தார். நான்கு நாள் கழித்துக் கழுவும்போதுதான் அடியில் எழுதியிருந்ததைப் பார்த்தார். பார்த்தபிறகும் மாணவியிடம் எதுவும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

'தாயார் மாணவி பேசும்போது ம் சொல்வார். எதற்கு ம் சொன்னோம் என்று அவருக்குத் தெரியாது. மாணவி இதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று கருத இடமுண்டு.

'தீர்வு நடவடிக்கைகள். தாயாரைச் சந்தித்துப் பேச வேண்டும்.'

பக்கத்தைத் திருப்பினாள்.

"முன்னேற்றம்" என்றாள். "அடுத்தது காலியா இருக்கு."

விளக்குத் திரி படபடத்தது. ரதீஷின் கையில் கைபேசி இருந்தது, திரையில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை. அடுக்களை அலமாரி இருக்கும் பக்கம் பார்த்தார். பிறகு என்னை. நான் அரிசித் தட்டைப் பார்த்தேன். நான்கு எழுத்துகள். ஒன்று என்னுடையது.

மாமா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். திறந்தார்.

"பாவம் பிள்ளை. எந்தூருப் பிள்ளை அது?"



"அம்மா போன ஸ்கூல்ல உள்ள பிள்ளையாக்கும் தாத்தா" என்றாள் ஆதிரா. "பவித்ரானு பேரு."

"அந்தத் தாய்க்காரிட்ட யாராவது சொல்லணும்லா."

"சொல்லியாச்சுப்பா" என்றார் ரதீஷ். மெல்ல.

"சொன்னா கேப்பாளா? காலேஜுக்குப் போறவல்லா. படிச்சவளுக கேக்கமாட்டாளுக." மாமா எழுந்து தேங்காயை உடைத்தார். "பிள்ளை என்னமா வாசிக்கா. எலே ரதீசே, இவளப் பேச்சுப் போட்டிக்கு விடுலே."

ஆதிரா ரெக்கார்டை என்னிடம் தந்தாள். இரண்டு கையாலும். சந்தனம் அவள் விரலில் ஒட்டியிருந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

ஜூலையில் நான் கேட்காமல் போன குரல் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

காலை முழுவதும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். மற்ற நான்கு ரெக்கார்டுக்கும் கறுப்புக் கோடு போட்டேன். ஐந்தாவதைத் திறந்தேன், மூடினேன். ஒரு பக்கம் எழுதினால் தீர்ந்தது. 'மாணவி இப்போது அனைவரிடமும் கலகலப்பாகப் பழகுகிறார்.' பெனிட்டா இதைத்தான் எழுதியிருப்பாள். முப்பது பேரும் இதைத்தான் எழுதியிருப்பார்கள். பேனாவை வைத்தால் கை ஓடவில்லை.

அவளைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். பத்தாவது வழிகூட அதுதான், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். எந்த வார்த்தையில் தொடங்குவது? ஆதிரா என்று தொடங்குவதா, பவித்ரா என்று தொடங்குவதா? மன்னிப்புக் கேட்டால் பவித்ரா இல்லாமல் போய்விடுவாள். அந்தப் பெயரை அவள் என் தலைக்குமேல் குடைபோலப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

மூன்று மணி இருக்கும், அவளே வந்தாள். மேசையின் ஓரத்தில் நின்றாள்.

"அதுல ஒரு தப்பு இருக்கு."

"எதுல?"

"பவித்ரா மோர்க்குழம்பு தொடமாட்டானு எழுதியிருக்குல்லா. மூணாவது பக்கம். அது தப்பு."

மூன்றாவது பக்கத்தை அவள் இன்று வாசிக்கவில்லை.

"அவளுக்குப் புடிக்கும்" என்றாள். "சூடா இருந்தா. ஆறினதுதான் புடிக்காது. அவங்க அம்மா வச்சிட்டுப் போயிருவா, அது ஆறிப்போவும். திருப்பி சூடாக்கினா திரிஞ்சிரும்னு அவளே சாப்பிடாம விட்டிருவா."

"ம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. ஆதிரா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு போய்விட்டாள்.

மூன்றாம் பக்கத்தைத் திருத்தினேன். முன்னேற்றம் என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி எழுதினேன்.


அக்டோபர் 3, வெள்ளி

காலை எழுந்ததும் மோர்க்குழம்பு வைத்தேன். எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூடிவைத்துவிட்டு எட்டு மணி பஸ்.

பத்து மணிக்கு வரிசை. நாற்பத்தெட்டு பேர், இருநூற்று நாற்பது ரெக்கார்டு. எஸ்தர் மேடம் என் நான்கையும் புரட்டாமல் கையெழுத்துப் போட்டார். ஐந்தாவதன் அட்டையைப் பார்த்து நின்றார்.

"என்னம்மா, சந்தனம்?"

"பூசையில இருந்துச்சு மேடம்."

சிரித்தார். அவருக்கு அதனால்தான் திறக்கத் தோன்றியிருக்கும். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். வாய்விட்டு வாசித்தார்.

"'மாணவி ஒரு நாள் உரக்க வாசித்தார்.' அப்புறம்?"

"அவ்வளவுதான் மேடம்."

"முன்னேற்றம் ஒரு வரியா? ஒரு பக்கமாவது வேணும் ஷைலஜா. இப்ப நல்லாப் பேசுறா, படிக்கிறா, முழுசா மாறிட்டானு முடிக்கணும். இவ்ளோ நல்லா எழுதிட்டு இப்படி விடலாமா?"

"மாறல மேடம்."

"மாறலேன்னா இது ஆய்வே இல்லையே." கோபமாகச் சொல்லவில்லை. பென்சிலால் அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "சனி ஞாயிறு இருக்கு. முன்னேற்றத்தை எழுதிட்டுத் திங்க காலையில கொண்டா. லிஸ்டு அன்னைக்குத்தான் போகுது. அதுக்குள்ள வரலேன்னா ஹால் டிக்கெட்டுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது. புரியுதா?"

"புரியுது மேடம்."

"டென்சன் ஆகாதீங்க. அந்தத் தாள் வச்சிருக்கீங்கள்ல?"

படிக்கட்டில் பெனிட்டா எனக்காக நின்றாள். அவளுடையது முடிந்துவிட்டது. "அக்கா, நான் வேணும்னா அந்த ஒரு பக்கத்தச் சொல்லுகேன், நீங்க அப்படியே எழுதுங்க. பத்து நிமிசம்" என்றாள். நல்லவள். அவள் தோளில் தட்டிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் ரெக்கார்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பொய் எழுத இரண்டு நாள். அல்லது அதை உண்மையாக்க இரண்டு நாள். ஜூலையில் இருந்து முடியாதது சனி ஞாயிறில் முடியாது. அதுவும் தெரிகிறது.

ஒரு மணிக்கு வீடு. மாமா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். ஆதிரா முன்னறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள், சத்தம் இல்லாமல். காலர் வாயில் இருந்தது.

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

பதில் இல்லை. கேட்டால் பதில் சொல்வார் என்று எழுதியிருந்தேன். அதையும் திருத்த வேண்டும்.

பையை மேசையில் வைத்தேன். ரெக்கார்டு அதற்குள்ளேயே இருக்கிறது. காலையில் வைத்த மோர்க்குழம்பை அடுப்பில் ஏற்றி, தீயைக் குறைத்து, கரண்டியை எடுக்காமல் கிண்டிக்கொண்டே அங்கேயே நின்றேன்.